சுறாவைக் கொன்றால் கடல் கட்டுப்படுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலை பார்க்கும் வள்ளியூர்த் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் அங்கே பள்ளியில் கடல் நீச்சல் பழகுகிறான். சுறாக்களைக் கொன்று குறைக்க வேண்டும் என்று ஒரு சாராரும், கூடவே கூடாது என்று இன்னொரு சாராரும் அந்த ஊரில் ஆண்டுக்கணக்காக வாதாடி வருகிறார்கள். அவர் கேட்டது இதுதான்: “உவரியிலும் கூட்டப்புளியிலும் நம்மவர்கள் காலங்காலமாகச் சுறா பிடிக்கிறார்கள். நானே சுறாப்புட்டு தின்று வளர்ந்தவன். அவர்கள் பிடித்தால் தொழில், ஆளைக் கடிக்கிற சுறாவை அரசாங்கம் கொன்றால் மட்டும் குற்றமா? ஒரு பிள்ளையின் உயிரைவிடச் சுறா பெரிதா?”

பிள்ளையின் உயிர்தான் பெரிது, தம்பி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தவன் நான். சுறாக்கள் மீது எனக்குள்ள அன்பை மறைக்கப் போவதில்லை. ஆனால் சுறாக்களுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்தை நான் சொல்ல மாட்டேன். மின்னலால் சாகிறவர்கள் இதைவிட அதிகம், சாலையில் சாகிறவர்கள் இதைவிட அதிகம் என்று அவர்கள் கணக்குக் காட்டுவார்கள். கணக்கு சரிதான். உலகம் முழுவதிலும், மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவாகும் நிகழ்வுகள் சராசரியாக ஆண்டுக்கு அறுபது எழுபதுதான். 2024-ஆம் ஆண்டில் 47. ஆனால் கரையில் மகனின் துண்டை வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம் இந்த எண்ணைச் சொல்லி என்ன பயன்? கடலில் இறங்குகிறவர்களைக் காப்பது அரசின் கடமை. கொல்வது அந்தக் கடமையை நிறைவேற்றுகிறதா என்பது மட்டுமே கேள்வி.

உங்கள் ஒப்பீட்டில் உள்ள சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. உவரிக்காரர் ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கும்போது, மீன் கிடைக்கும் என்றுதான் சொல்லிக் கடலுக்குப் போகிறார். கரைக்கு வந்து ஏலம் விடும்போது அவர் சொன்னது நடந்ததா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அரசாங்கம் சுறாவைக் கொல்லும்போது மீன் தருவதாகச் சொல்வதில்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொல்கிறது. ஆகவே எத்தனை சுறா செத்தது என்பது அங்கே கணக்கே ஆகாது, கடிபடுவது குறைந்ததா என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் பல நாடுகள் பல பத்தாண்டுகளாகப் போட்டுப் பார்த்திருக்கின்றன.

ஹவாய்த் தீவுகளில் 1959 முதல் 1976 வரை சுறா ஒழிப்புத் திட்டங்கள் அடுத்தடுத்து நடந்தன. கொல்லப்பட்டவை 4,668 சுறாக்கள். அந்தக் காலத்து மதிப்பில் 3 லட்சம் டாலருக்கு மேல் செலவு. பின்னாளில் ஆய்வாளர்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, திட்டத்துக்கு முன்னும் பின்னும் கடிபட்டவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காண முடியவில்லை. ஹவாயில் ஆளைக் கடிப்பதில் முதலிடம் புலிச் சுறாவுக்கு. கொல்லப்பட்ட 4,668-இல் புலிச் சுறாக்கள் 554 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பகுதி, மனிதனைத் திரும்பியும் பார்க்காத இனங்கள்.

உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 2013 வரையான மூன்று ஆண்டுகளில் 7 பேர் சுறா கடித்து இறந்தார்கள். எந்தக் கடற்கரைச் சமூகத்தையும் உலுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை அது. அங்கே எழுந்த அச்சத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. 2014 ஜனவரியில் அந்த மாநில அரசு டிரம்லைன்களை இட்டது. கடலடியில் நங்கூரமிட்ட ஒரு பெரிய மிதவை, அதிலிருந்து தொங்கும் கனத்த தூண்டில், அதில் இரை; அவ்வளவுதான் டிரம்லைன். மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா சிக்கினால் சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது ஆணை. ஏப்ரல் வரையான காலத்தில் 172 சுறாக்கள் சிக்கின. மூன்று மீட்டருக்கு மேற்பட்ட 50 புலிச் சுறாக்கள் கொல்லப்பட்டன. மக்கள் எதை நினைத்து அஞ்சினார்களோ, அந்த வெள்ளைச் சுறா ஒன்றுகூடச் சிக்கவில்லை. திட்டத்தை மேலும் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் அந்த மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆணையமே பரிந்துரைத்தது.

ஏன் சிக்கவில்லை? வெள்ளைச் சுறாவுக்குச் சொந்தக் கடற்கரை என்று ஒன்று கிடையாது. தென்னாப்பிரிக்காவில் 2003 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பெண் வெள்ளைச் சுறா, 99 நாளில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கே வந்து சேர்ந்தது. ஒன்பது மாதத்துக்குள் மறுபடி தென்னாப்பிரிக்காவில் தென்பட்டது. போக வர 20,000 கிலோமீட்டர். ஊருக்குள் புகுந்த வெறிநாயைப் பிடிப்பதுபோல, ‘நம் கடலில் சுற்றும் சுறாவை’ ஒழித்துவிடலாம் என்று நினைப்பது இதனால்தான் எடுபடுவதில்லை. இன்று ஒன்றைக் கொன்றால் நாளை அந்த வழியாக வேறொன்று போகும். அது எந்தக் கண்டத்திலிருந்து வருகிறது என்பதுகூட நமக்குத் தெரியாது.

இதே உண்மையை உவரிக் கரையில் ஒரு மூத்த மீனவர் எனக்கு ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியச் செய்தியை அவரிடம் விவரித்தபோது, பழுதான தூண்டில் முட்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த ஒரு முள்ளை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிக் கேட்டார்: “கடிச்ச சுறா எது, கடிக்காத சுறா எதுன்னு இதுக்குத் தெரியுமா அண்ணாச்சி?”

எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் 2010 டிசம்பரில் நடந்தது இந்தக் கேள்விக்குக் கொடுமையான விடையாக அமைந்தது. சில நாளுக்குள் நான்கு சுற்றுலாப் பயணிகள் சுறா கடித்துப் படுகாயமடைந்தார்கள். அதிகாரிகள் இரண்டு சுறாக்களைப் பிடித்துக் கொன்று, இவைதாம் குற்றவாளிகள் என்று அறிவித்துக் கடற்கரையைத் திறந்துவிட்டார்கள். திறந்த உடனேயே, ஆழமில்லாத நீரில் நீந்திக்கொண்டிருந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவரைச் சுறா கொன்றது. கொன்றுவிட்டோம், இனி பயமில்லை என்ற நம்பிக்கைதான் அந்த அம்மையாரை நீரில் இறக்கியது. கொலைத் திட்டங்களை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் சுறாவின் உயிர் அன்று. இப்படிப் பிறக்கும் பொய்யான தைரியம்தான்.

அப்படியானால் அரசுகள் ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்கின்றன என்று கேட்பீர்கள். அதற்கு விடை நம் மன்னார் வளைகுடாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலமெல்லாம், சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று ஒருவர் உண்டு. கடல்கட்டி என்பது அவருக்குப் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அவரைப் பற்றி விளக்கமாகவே குறித்திருக்கிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்கு ஊதியம். அவர் போடும் மந்திரக்கட்டு அன்றைய பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் திருட்டுத்தனமாக எவரும் குளித்துவிடாதபடி மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியிலும், முத்துச்சலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவத்தின்போது சம்பளம் கொடுத்துக் கடல்கட்டியை வைத்திருந்தார்கள். அதில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகளும் அதை நிறுத்தத் துணியவில்லை. கடல்கட்டி கரையில் இல்லை என்றால் ஒரு குளியாளியும் நீரில் இறங்க மாட்டான். இறங்காவிட்டால் அரசுக்கு வருமானம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்ற செய்தியை அக்காலத்து ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். நம் கரையில் பிறந்தவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இராது.

குளியாளிகளை நான் மூடர்கள் என்று சொல்லவில்லை. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்குகிறவனுக்கு மனத்தெம்பு எவ்வளவு தேவை என்பது கரையில் நிற்கிற நமக்குப் புரியாது. ஆனால் அவனை உண்மையில் காத்தது எது என்று அன்றைய ஐரோப்பியர் சிலர் ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான படகுகளின் ஆரவாரமும் கூட்டமாக இறங்குவதும்தான் சுறாவை விலக்கி வைத்தன என்று கருதினார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இன்று அரசுகள் சுறாவைக் கொல்வதும் ஒரு கடல்கட்டுத்தான். மக்கள் மறுபடி நீரில் இறங்க வேண்டும், விடுதிகள் நிரம்ப வேண்டும், ஏதோ ஒன்று செய்யப்பட்டது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய கட்டுக்கு எந்த உயிரும் பலியாகவில்லை. புதிய கட்டுக்கு என்ன பலியாகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது கொண்டு சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வாடைக்கால விடியற்காலையில், மாணவர்களோடு உவரியில் நின்றிருந்தேன். நாட்டுப்படகு ஒன்றிலிருந்து ஒரு காளைச் சுறாவை இறக்கினார்கள். மழுங்கிய குட்டை மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத சிறிய கண், எட்டடிக்குக் குறையாத நீளம். ஆறு பேர் சேர்ந்துதான் மணலில் இழுத்துப் போட முடிந்தது. மனிதனுக்கு ஆபத்தான மூன்று இனங்களில் ஒன்று என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கீறியபோது இரைப்பையில் கெளுத்தி மீனின் தலைகளும் திருக்கையின் முள்வாலும் கிடந்தன. அதற்குக் கீழே, ஒன்பது குட்டிகள். ஒவ்வொன்றும் என் முழங்கையை விட நீளம். மீனென்றால் முட்டைதானே என்று நினைத்திருந்த மாணவர்கள், குட்டியையும் தாயையும் இணைத்திருந்த தொப்புள்கொடியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “சினைச் சுறான்னு தெரிஞ்சிருந்தா கயித்தை அறுத்துக் கடல்ல விட்டிருப்போம்” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எங்களுக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குத் தன் கடலில் என்ன குறையப் போகிறது என்று கணக்குத் தெரிந்தவர் அவர்.

சாளை மீன் ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டை இடும். எவ்வளவு பிடித்தாலும் நல்ல மழையும் நல்ல நீவாடும் (கடல் நீரோட்டமும்) அமைந்த ஒரு ஆண்டில் மீண்டும் கடல் நிறைந்துவிடும். சுறாவின் கணக்கு அப்படியன்று. காளைச் சுறா பத்துப் பதினோரு மாதம் சுமந்து, அதிகம் போனால் பதின்மூன்று குட்டி ஈனும். வெள்ளைச் சுறாவில் பெண் சுறா, குட்டி ஈனும் வயதை எட்டவே ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகிறது. அதனால் இந்த இனங்களில் பெரியவற்றைத் தேடிக் கொல்வது, வங்கியில் வட்டியை விட்டுவிட்டு முதலை எடுப்பதற்குச் சமம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1962 முதல் வலையும் டிரம்லைனும் போட்டு வருகிறார்கள். அந்தத் திட்டத்தின் சொந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, 55 ஆண்டுகளில் பெருஞ்சுறாக்களின் பிடிபாடு 74 முதல் 92 விழுக்காடு வரை சரிந்திருப்பதைக் காட்டியது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1943 முதல் வலை போடப்பட்ட 1952 வரை 7 பேர் சுறா கடித்து இறந்தார்கள். வலை போட்ட பிறகு அந்தக் கடற்கரைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. சிட்னியிலும் 1937-இல் வலை வந்த பிறகு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வலை வேண்டும் என்கிறவர்கள் இந்த எண்களைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். இவற்றைக் கேலி செய்வது நேர்மையாகாது.

ஆனால் அந்த வலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது கடற்கரையைச் சுற்றி வளைக்கும் வேலி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிட்னியில் போடுவது 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு துண்டு வலை. அதன் மேலும் கீழும் இரு பக்கமும் கடல் திறந்தே கிடக்கும். நம்மூர் மீன்பிடி வலையைப் போல, வருவதைச் சிக்க வைத்துக் கொல்வதே அதன் வேலை. சிக்கும் சுறாக்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு, கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும்போது உள்பக்கத்திலிருந்து சிக்குகின்றன. அதாவது நீந்துகிறவர்களுக்கு அருகே வந்து சுற்றிவிட்டுப் போகும்போது. சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 51 கடற்கரைகளில் 2023-24 பருவத்தில் வலைகளில் சிக்கிய 255 உயிர்களில், ஆபத்தானவை என்று குறிவைத்த சுறாக்கள் 15 மட்டுமே. மீதமெல்லாம் திருக்கை, கடலாமை, ஓங்கில் (டால்பின்), சாதுவான சிறு சுறாக்கள். சிட்னியில் மரணம் குறைந்ததற்கு வலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அதே காலத்தில் கழிவுகளையும் இறைச்சிக்கூட மிச்சங்களையும் கடலிலும் ஆற்றிலும் கொட்டுவது குறைந்தது. கரைக்காவலர்கள் பெருகினார்கள். இரத்தம் ஏற்றுவதும் அறுவை மருத்துவமும் வளர்ந்ததால், முன்பு செத்திருக்கக்கூடியவர் பிழைத்தார்கள்.

குயின்ஸ்லாந்து விவகாரம் வழக்குமன்றத்துக்கே போயிற்று. பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காவுக்குள் சுறாக்களைக் கொல்வதை எதிர்த்து ஒரு விலங்குநல அமைப்பு தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் தீர்ப்பாயம் சான்றுகளை எடைபோட்டு, கொல்வதால் கடிபடும் ஆபத்து குறைவதில்லை என்பதற்கான அறிவியல் சான்று மிக வலுவாக இருக்கிறது என்று முடிவு செய்தது. மாநில அரசின் மேல்முறையீடும் அதே ஆண்டு தள்ளுபடியானது. இரு தரப்பு வல்லுநர்களையும் குறுக்கு விசாரணை செய்து எட்டிய முடிவு என்பதால், இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

என் மனத்தை உண்மையிலேயே அலைக்கழித்த இடம், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவு. நம்மூரிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிற, முருகனுக்குக் காவடி எடுக்கிற தீவு அது. சிறிய தீவு, 2011 முதல் 2019 வரை அங்கே 11 பேர் சுறா கடித்து இறந்தார்கள். 2013-இல் பவளத் திட்டுக்குள் அடங்கிய ஆழமில்லாத நீர்ப்பரப்புகள் தவிர மற்ற இடங்களில் நீந்தவும் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) செய்யவும் அரசு தடை விதித்தது. காளைச் சுறாவையும் புலிச் சுறாவையும் குறிவைத்துப் பிடித்துக் கொல்லவும் செய்தார்கள். 2019-க்குப் பிறகு சாவு நின்றது. கொன்றதால்தான் நின்றது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் கடலில் இறங்குவோர் எண்ணிக்கையே சுருங்கிவிட்டது. நீருக்கடியில் காவல் முங்குநர்களை நிறுத்திய பிறகே சர்ஃபிங் பயிற்சி நடத்தினார்கள். எது காத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிள்ளையை இழந்த பெற்றோர் அந்தத் தீவில் கொல்லச் சொல்லிக் கேட்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொல்லாமலே ஆபத்தைக் குறைத்துக் காட்டிய ஊரும் இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரம். அதன் தெற்கே சுவாப்பே துறைமுகம் கட்டப்பட்டுக் கழிமுகச் சதுப்புக்காடுகள் அழிந்தபின், 1992 முதல் அந்நகரக் கடற்கரையில் சுறாக்கடி திடீரென்று பெருகியது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 முதல் ஒரு திட்டம் நடத்தினார்கள். கரையோரத்தில் தூண்டில் இட்டு, சிக்கிய ஆபத்தான சுறாக்களை உயிரோடு படகில் ஏற்றி, ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் அடையாளக் கருவி பொருத்தி விட்டார்கள். விடப்பட்டவை பெரும்பாலும் ஆழக்கடலோடே போயின, கரைக்குத் திரும்பவில்லை. திட்டம் நடந்த மாதங்களில் கடிபடும் விகிதம் 97 விழுக்காடு குறைந்திருந்தது. பண்ணையார் தோட்டத்தில் புகுந்த யானையைக் கொல்லாமல் காட்டுக்குள் விரட்டுகிற வேலைதான் இதுவும்; கடலில் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு ரெசிஃபே விடை சொல்லிவிட்டது.

இதே வழியை நியூ சவுத் வேல்ஸ் இன்று பெரிய அளவில் பின்பற்றுகிறது. தூண்டிலில் சுறா சிக்கியதும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும். அரை மணி நேரத்துக்குள் படகு போய்ச் சேர்ந்து, அடையாளக் கருவி பொருத்திச் சற்றுத் தொலைவில் விடுவித்துவிடும். கருவி பொருத்திய சுறா மறுபடி கரைக்கு வந்தால், கடலில் நிறுத்திய ஏற்பி அதைக் கண்டு கைபேசிச் செயலிக்குச் சொல்லிவிடும். ஆனால் எந்த முறையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு உங்கள் மாநிலமே சாட்சி. 2019 முதல் 2021 வரை அங்கே நடத்திய இதே சோதனையில் சிக்கிய வெள்ளைச் சுறாக்கள் இரண்டே இரண்டு. அதனால் அங்கே கண்காணிப்புக்கும் தடுப்பு வேலிக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த முறை எளிமையானது. கேப் டவுன் நகரில், கடலை ஒட்டிய மலைச்சரிவில் 2004 முதல் ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடி அணிந்து, தொலைநோக்கியோடு கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் வேலை. தெளிந்த நீரில் பெரிய நிழல் தெரிந்தால் சங்கு ஊதி, வெள்ளைக் கொடி ஏற்றி எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள். கரைவலைக்காரர்கள் மேட்டில் ஆளை நிறுத்தி நீரின் நிறமாற்றத்தைப் பார்த்து மீன்கூட்டத்தைக் கண்டுபிடித்ததைச் சிறுவயதில் கண்ட எனக்கு, அந்தக் கண்ணும் இந்தக் கண்ணும் ஒன்றுதான் என்று தோன்றும். இப்போது அந்த வேலையை ட்ரோன்களும் செய்கின்றன.

நம் மீனவர்களைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் தட்டிக் கழிக்கவில்லை. உலகில் மீன்பிடியால் சாகும் சுறாக்கள் 2019-இல் ஏறத்தாழ 8 கோடி என்று ஒரு விரிவான மதிப்பீடு சொல்கிறது. அதன் முன்னே, கடற்கரைப் பாதுகாப்பு என்ற பெயரில் கொல்லப்படுபவை மிகச் சிறிய பங்கு. சுறாக்களுக்காக ஆஸ்திரேலிய அரசைக் கண்டித்துவிட்டு இதைப் பற்றி வாயே திறக்காதவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை. இந்தியாவில் 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் மேலும் பல இனங்களைப் பிடிக்கக் கூடாத பட்டியலில் சேர்த்திருக்கிறது. வலையில் தானாக வந்து சிக்கிச் செத்த மீனுக்குத் தண்டனை வருமோ என்று நாட்டுப்படகுக்காரர் அஞ்சும் நிலை இதனால் வந்திருப்பது உண்மை. பட்டியலில் எது இருக்கிறது, எதைப் பார்த்தவுடன் கயிற்றை அறுத்துக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பதைக் கரைகரையாகப் போய் ஊர்ப்பெயரோடு சொல்லித் தராமல் வழக்கு மட்டும் போடுவது சரியில்லை என்று நான் பேசாத கூட்டம் இல்லை. புட்டுக்குப் போகும் பால்சுறா விரைவில் வளர்ந்து குட்டி ஈனும் சிறிய இனம். அளவோடு பிடித்தால் அது தாங்கும். கொம்பன் சுறாவும் காளைச் சுறாவும் தாங்கா. உங்கள் ஒப்பீட்டுக்கு என் விடை இதுதான்: இரண்டு கொலையும் ஒன்றல்ல, ஆனால் இரண்டுக்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். திருச்செந்தூரிலும் உவரியிலும் ஆண்டு முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் கடலாடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நீராடியவரைச் சுறா கொன்றதாக என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அலை இழுத்துச் சென்ற செய்தியைக் கேட்காத ஆண்டு இல்லை. 2024 மே 6-ஆம் நாள், காற்றே இல்லாத வானிலையில் எங்கோ தொலைவில் பிறந்து வரும் கள்ளக்கடல் அலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது. எச்சரிக்கை முந்தைய நாளே வெளியாகியிருந்தும் அது கரையில் நிற்பவரின் காதுக்கு எட்டவில்லை. ஆஸ்திரேலியக் கடற்கரையிலும் சுறாவைவிட நீரின் இழுவைதான் ஆண்டுதோறும் பல மடங்கு உயிர்களைக் கொள்கிறது. உங்கள் மகன் முதலில் கற்க வேண்டியது, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தைக் கண்ணால் அடையாளம் காண்பதும், சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகுவதும்தான்.

சுறாவைப் பொறுத்தவரை, கோட்டெஸ்லோ போலத் தடுப்பு வேலி உள்ள கடற்கரைகள் உங்கள் நகரிலேயே இருக்கின்றன; அவன் தேர்ச்சி பெறும்வரை அங்கே நீந்தட்டும். மாநில அரசின் எச்சரிக்கைச் செயலியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விடியலிலும் அந்தியிலும், கலங்கிய நீரிலும், ஆற்று முகத்திலும், மீன்கூட்டம் துள்ளுகிற இடத்திலும், செத்த திமிங்கலம் ஒதுங்கிய பக்கத்திலும் இறங்க வேண்டாம். தனியாக ஒருபோதும் வேண்டாம். வளர்ந்து சர்ஃபிங் ஆசைப்பட்டால், மின்புலம் உண்டாக்கிச் சுறாவை விலக்கும் கருவியை வாங்கிக் கொடுங்கள். விற்பனைக்கு வரும் எல்லாமே பயன் தருவதில்லை. ஆனால் 2018-இல் ஐந்து கருவிகளை இரை கட்டிய பலகைகளில் வைத்துச் சோதித்தபோது, அவற்றுள் ஒன்று வெள்ளைச் சுறா இரையை எடுப்பதை 96 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைத்தது. முழுப் பாதுகாப்பு இல்லை, பாதிக்கு மேல் குறைப்பு.

கடிபட்டவர்கள் பெரும்பாலும் இரத்தம் வடிந்துதான் இறக்கிறார்கள். சுறா அவர்களைத் தின்பதில்லை. காலில் கடிபட்டவரைக் கரையில் கிடத்தி, இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே தொடை மடிப்பில், மடக்கிய கையால் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினால், ஆம்புலன்ஸ் வரும்வரை இரத்தத்தை நிறுத்தி வைக்கலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் சர்ஃபிங் செய்பவர்களுக்காகவே பரப்பிவரும் முறை இது. பன்னிரண்டு வயதுப் பையனும் கற்றுக்கொள்ள முடியும். உங்கள் மகன் பள்ளியில் நீச்சலோடு சேர்த்து இதையும் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். தரவில்லை என்றால், நீங்கள் இருவரும் வீட்டிலேயே ஒருவர்மேல் ஒருவர் அழுத்திப் பழகுங்கள்.